அறுபத்தொன்பது வாங்கியும் பெயில்!

'மார்க்' என்ற சொல்லைக் கேட்டாலே வயிற்றைக் கலக்கும் ஆள் நான். எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆளும் நான்தான். எங்கப்பா கொத்தனார். முதல் செமஸ்டரில் எல்லாப் பாடமும் பாஸ் என்றதும் டீக்கடையில் நின்ற அத்தனை பேருக்கும் அவர் செலவில் டீ. இரண்டாவது செமஸ்டரில் கணக்கு காலை வாரிவிட்டது. அரியர் என்றால் என்னவென்று அவருக்கு விளக்கவே அரைமணி நேரம் ஆயிற்று. "அப்ப இத்தன நாளு படிச்சது?" என்று மட்டும் கேட்டார். அதற்கப்புறம் ஒரு மாதம் அந்த டீக்கடைப் பக்கமே அவர் போகவில்லை.

அந்த மாதத்தில்தான் ஹாஸ்டல் நண்பன் ஒருவன் தன் போனில் சான்ஸ் தி ராப்பர் பாட்டைப் போட்டுக் கொடுத்தான். எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. "என்னடா, பேசிக்கிட்டே போறான்?" என்றேன். "பாட்ட அப்புறம் கேளு, மொதல்ல இவன் கதையக் கேளு" என்றான்.

சான்ஸ், அமெரிக்காவில் சிகாகோ நகரத்துப் பையன். பள்ளிக்கூடத்தில் பத்து நாள் சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். கிட்டத்தட்ட நம் வயசு அப்போது. அந்தப் பத்து நாளில் தொடங்கிய பாட்டுக்களைச் சேர்த்து 2012ல் '10 டே' என்றே பெயர் வைத்து இனாமாக வெளியிட்டார். இதற்கு மிக்ஸ்டேப் என்று பெயர். ஒரு காலத்தில் நிஜமான கேசட்டில் பதிந்து கைமாற்றிக்கொண்டது. இப்போது டேப் இல்லை, பெயர் மட்டும் நிற்கிறது. (எங்கப்பா சம்பந்தப்பட்ட ஒரே இடம் இது. "நாங்களும் கேசட்டுக் கடையில பாட்டெழுதிக் குடுத்துப் பதிஞ்சிருக்கோம்" என்று பெருமையாகச் சொன்னார்.)

2013ல் 'ஆசிட் ராப்'. அதுவும் இனாம். பிட்ச்ஃபோர்க் என்ற இசை விமர்சன இதழ் பத்துக்கு 8.4 போட்டது. சிரிப்பும் கும்மாளமுமாகப் போகும் பாட்டின் நடுவே சிகாகோவில் துப்பாக்கிச் சூட்டில் பையன்கள் சாவதைப் பாடியிருந்தார். 2016ல் 'கலரிங் புக்', தேவாலயப் பாடகர் குழுவெல்லாம் சேர்ந்து பாட, 9.1 வாங்கியது. கடையில் விற்காத இசைக்கு கிராமி விருது கிடையாது என்றிருந்த விதி அந்த வருடம்தான் மாறியது. 2017ல் மூன்று கிராமி! ஸ்ட்ரீமிங்கில் மட்டுமே வந்த ஒன்று கிராமி வாங்கியது அதுவே முதல் தடவை. நம் மொழியில் சொன்னால் டிஸ்டிங்ஷன்.

பிறகுதான் சங்கதி. 2019 ஜூலையில் 'தி பிக் டே' வந்தது. இதுதான் என் முதல் ஆல்பம் என்று சொல்லி, காசுக்கும் விற்றார். 22 பாட்டு, 77 நிமிடம். அந்த வருடம்தான் அவருக்குக் கல்யாணம் நடந்திருந்தது. ஆல்பம் முழுக்கக் கல்யாண வீட்டுச் சந்தோஷம். பிட்ச்ஃபோர்க் 6.9 போட்டது. நூற்றுக்கு 69! நமக்கு அது முதல் வகுப்பு. ஆனால் ரசிகர்கள் பொண்டாட்டி புராணம் என்று கேலி செய்து தீர்த்துவிட்டார்கள். யூடியூபில் விமர்சனம் செய்யும் அந்தோணி ஃபன்டானோ பத்துக்குப் பூஜ்யம் போட்டார். நம் கல்லூரியில் காப்பியடித்துப் பிடிபட்டால்தான் பூஜ்யம்! அந்த 69 யாருக்கும் ஞாபகமில்லை, பூஜ்யம்தான் நின்றது. டிசம்பரில் சுற்றுப்பயணமும் ரத்து.

எனக்குக் கோபம் வந்தது. ஃபிட்டிங் ஷாப்பில் நாம் ராவிக் கொடுக்கிற ஜாபை வெர்னியர் வைத்து அளந்து மார்க் போடுகிறார்கள். பாட்டுக்கு ஏது வெர்னியர்? அப்பாவிடம் சொன்னேன். "இனாமாக் குடுத்தா நல்லாருக்கும்பான். காசு கேட்டாத்தான் சொவத்துல விரிசல் தெரியும்" என்றார். அதை நான் முழுக்க ஒப்புக்கொள்ள மாட்டேன். 9.1 இனாமுக்காகப் போட்ட மார்க் இல்லை.

சரி, நாமே கேட்டுப் பார்ப்போம் என்று 'தி பிக் டே'யைப் போனில் ஏற்றினேன். எங்கள் ஊரிலிருந்து கல்லூரிக்கு பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம், கணக்காக ஒரு தடவை ஓடும். மூன்று நாள் கேட்டேன். அவர் கட்சியில் நின்றுதான் கேட்டேன். அப்படியும் பத்துப் பாட்டுக்கு மேல் ஒன்றுபோலவே இருந்தது, எங்கே தொடங்கி எங்கே போகிறார் என்று தெரியவில்லை. 'ஆசிட் ராப்'பில் இருந்த அந்த வலி எங்கேயும் அகப்படவில்லை. பூஜ்யம் அநியாயம்தான். ஆனால் 69 சரியான மார்க். இதை ஒத்துக்கொள்ள எனக்கு மனசே வரவில்லை, ஏனென்றால்...

கணக்கில் போனதற்கு நான் எல்லாரிடமும் சொல்லி வந்தது 'வேல்யூவேஷன் ஸ்ட்ரிக்ட்' என்றுதான். அப்பாவிடமும் அதையே சொல்லி, விடைத்தாள் நகலுக்கு அவரிடமே பணமும் வாங்கியிருந்தேன். வந்த நகலை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் பெட்டியில் போட்டிருந்தேன். அன்று ராத்திரி எடுத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். திருத்தியவர் எனக்கு ஒரு மார்க்கூட பாக்கி வைக்கவில்லை. இன்டக்ரேஷன் ஒன்றுகூட நான் முடிக்கவில்லை. ஒரு இடத்தில் பாவம் பார்த்து இரண்டு மார்க் போட்டிருந்தார்.

அதை அப்பாவிடம் சொல்ல நான்கு நாள் ஆயிற்று. சொன்னேன். பூச்சுக் கரண்டியைக் கழுவிக்கொண்டே கேட்டார். திட்டவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பாட்டுக்காரப் பையன் என்ன ஆனான்?" என்றார்.

"2025 ஆகஸ்டுல 'ஸ்டார் லைன்'னு அடுத்தது போட்டாருப்பா. பல பேரு நல்லாருக்குன்னு எழுதுனாங்க."

"ஆறு வருசமா?"

"ஆமாப்பா."

"ஒனக்கு எப்ப பரிச்ச?"

"அடுத்த மாசம் பத்தாந்தேதி."