ஐந்து நிறம், நான்கு சட்டம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவை ஹின் பஸ் டிப்போவுக்கு அழைத்துப் போனேன். ஜாலான் குருத்வாராவில் பழைய பேருந்துப் பணிமனையாக இருந்து, 2014-இல் கலைக்கூடமாக மாறிய இடம் அது. ஞாயிறுதோறும் அங்கே கைவினைச் சந்தை கூடும். அப்பாவுக்கு இதிலெல்லாம் ஆர்வம் கிடையாது. "டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கார்பா" என்று சொல்லித்தான் கிளப்பினேன்.

ஒரு மேசையின் முன்னால் நான் நின்றுவிட்டேன். கெட்டியான வெள்ளைத் தாளில் ஒரு மஞ்சள் வட்டம் வாயைத் திறந்தபடி நம் ஊர் அஞ்சடித் தூண்களுக்கு இடையே ஓடுகிறது. பின்னால் சிவப்பு, ரோஸ், நீலம், ஆரஞ்சு நிறங்களில் நான்கு பேய்கள். நான் சின்ன வயதில் விளையாடிய பாக்-மேன்! அதை ஜார்ஜ்டவுனுக்குள் ஓடவிட்டு, ஸ்கிரீன் பிரிண்டிங்கில் கையால் அச்சடித்திருந்தார் அந்தச் சீன இளம்பெண். விலை அறுபது வெள்ளி.

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"நிறம் அஞ்சு இருக்கு. ஆனா சட்டம் நாலுதான். ஆரஞ்சுக்குத் தனி மை இல்லம்மா, மஞ்சள் மேல ரோஸ் ஓட்டியிருக்கு. பேயோட கண்ணுக்கும் மை இல்ல, தாளை அப்படியே விட்டிருக்கு."

மலாயில் அந்தப் பெண்ணிடம் கேட்டார். அவர் சிரித்துக்கொண்டே ஆமாம் என்றார்.

அப்பா இந்தத் தொழில் பற்றிப் பேசி நான் கேட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

லிட்டில் இந்தியாவில் ஒரு கடைவீட்டின் மாடியில் அப்பாவின் அச்சுக்கூடம் இருந்தது. திருமணப் பத்திரிகை, துணிப்பை, தைப்பூசத்துக்கு டி-சட்டை எல்லாம் அங்கே அச்சாகும். மரச்சட்டத்தில் மெல்லிய வலைத்துணியை இழுத்துக் கட்டி, ஒளிபட்டால் இறுகும் பசையை இருட்டறையில் பூசிக் காய வைப்பார். பிறகு படம் வரைந்த பிலிமை அதன்மேல் வைத்து வெளிச்சம் காட்டுவார். ஒளி பட்ட இடம் இறுகும். படம் மறைத்த இடம் தண்ணீரில் கரைந்து போகும். கரைந்த இடத்தின் வழியாக மை இறங்கும். ஒரு நிறத்துக்கு ஒரு சட்டம். அதனால் நிறம் கூடினால் கூலியும் கூடும்.

மேசையருகே நின்றபடி அப்பாவுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அந்தக்கால விளையாட்டுகளிலும் இதே கஞ்சத்தனம்தான். 1978-இல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸின் தொடக்ககால இயந்திரங்களில் கறுப்பு வெள்ளைத் திரையின் மேல் நிறக் கண்ணாடித் தாளை ஒட்டித்தான் வண்ணம் காட்டினார்கள். மரியோவுக்கு மீசை வந்தது, அத்தனை சின்னப் படத்தில் வாய் வரைய இடம் இல்லாததால். தலைமுடி வரைவது கடினம் என்பதால் தொப்பி. 1985-இல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸில் வானத்து மேகமும் தரையிலுள்ள புதரும் ஒரே படம். நிறம் மட்டும்தான் வேறு.

"நம்ம கதைதான்" என்றார் அப்பா. "ஆளுங்க ரெண்டு கலருக்குத்தான் காசு கொடுப்பாங்க. அதுல நாம மூணாவது கலரைக் காட்டணும்."

வானொலியில் தினமும் மூன்று மணி நேரம் பேசுகிறவள் நான். ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகளாக அப்பாவிடம் பேசியதில்லை.

1997, பள்ளி விடுமுறை. எனக்கு ஒன்பது வயது. வீட்டில் மைக்ரோ ஜீனியஸ் பெட்டி இருந்தது. ஓயாமல் விளையாடுகிறேன் என்று அப்பா கேசட்டைப் பிடுங்கி அச்சுக்கூடத்து இருட்டறையில் வைத்துவிட்டார். மத்தியானம் அவர் வெளியே போன நேரத்தில் கறுப்புத் துணியை விலக்கி உள்ளே நுழைந்து கேசட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். துணியை இழுத்து மூட மறந்துவிட்டேன். உள்ளே இரண்டு சட்டங்கள் காய்ந்துகொண்டிருந்தன. மறுநாள் கொடுக்க வேண்டிய 400 திருமணப் பத்திரிகைகளுக்கானவை. சன்னல் வெயிலில் பசை முழுக்க இறுகிப்போனது. மாலையில் அப்பா எவ்வளவு தண்ணீர் அடித்தும் ஓர் எழுத்துகூடத் திறக்கவில்லை.

திட்டு, கூடவே வேலை பார்த்த அண்ணனுக்கு விழுந்தது. "நான் மூடித்தான்ணே வெச்சேன்" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அப்பா நம்பவில்லை. அந்த வாரமே அவர் வேலையை விட்டுப் போனார். எனக்கு நேரம் கிடைக்கும்போதெல்லாம் காகிதத்தில் பூ வரைந்து கொடுத்தவர். நான் வாயைத் திறக்கவில்லை.

அச்சுக்கூடமும் நெடுநாள் நிலைக்கவில்லை. வாடகைக் கட்டுப்பாடு நீங்கி 2000-ஆம் ஆண்டு பிறந்ததும் பழைய வீடுகளின் வாடகை ஏறியது. ஜார்ஜ்டவுனிலிருந்து எத்தனையோ குடும்பங்களும் சிறு தொழில்களும் வெளியேறின. கணினி அச்சும் வந்துவிட்டது. அப்பா சட்டங்களைக் கட்டி வீட்டுப் பரணில் போட்டார்.

அன்று சந்தையில் படத்தை வாங்கிக்கொண்டு, தேநீர்க் கடையில் உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். "அப்பா, அன்னிக்குத் துணியை விலக்கினது நான்தான்."

அவர் எதுவும் சொல்லவில்லை. தேநீர் ஆறியது. திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"கடைசியா நான் அவன்கிட்ட 'கண்ணு தெரியலையா உனக்கு'ன்னு கேட்டேன்" என்றார். அதற்குமேல் பேச்சு இல்லை.

அடுத்த சனிக்கிழமை அவரே பரணிலிருந்து சட்டங்களை இறக்கச் சொன்னார். நான்கில் இரண்டின் வலை கிழிந்திருந்தது. மீதி இரண்டைக் கழுவிக் காய வைத்தோம். குளியலறைதான் இருட்டறை. கதவிடுக்கில் துண்டைச் செருகிவிட்டு, "மூடியாச்சா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

விளையாட்டுப் பாத்திரங்களுக்கு உரிமையாளர்கள் உண்டு. அச்சடித்து விற்க அனுமதி வேண்டும். நாங்கள் விற்கப்போவதில்லை. சின்னச் சின்னச் சதுரங்களால் நானே ஒரு பூ வரைந்தேன். மஞ்சள் ஒரு சட்டம், ரோஸ் ஒரு சட்டம். இரண்டும் சேரும் இடத்தில் ஆரஞ்சு. முதல் ஆறு தாள்களில் நிறம் விலகிப்போனது. ஏழாவது தாளில் அப்பா என் கைமேல் கைவைத்து ரப்பர் பட்டையை இழுத்தார். சரியாக உட்கார்ந்தது.

அந்த அண்ணன் இப்போது பட்டர்வொர்த்தில் பேனர் கடை வைத்திருக்கிறாராம். உறவினர் ஒருவர் மூலம் எண் கிடைத்திருக்கிறது. வரும் ஞாயிறு பெர்ரியில் போகிறோம். ஏழாவது தாளை உறையில் போட்டு வைத்திருக்கிறேன். என்ன சொல்வது என்று அப்பாவிடம் கேட்டேன்.

"நீ உன்னதச் சொல்லு. நான் என்னதச் சொல்றேன்" என்றார்.