ஊறுகாய் பாட்டிலில் ஜின்

டிஸ்கி: இது யாரையும் குடிக்கச் சொல்லும் பதிவு அல்ல. குடிக்காதவங்க அப்படியே இருங்க, நல்லது. சமையல் குறிப்பு மாதிரி ஆரம்பிச்சு வேற எங்கயோ போய் முடியுது. கம்பெனி பொறுப்பல்ல :-)

பெங்களூருல பொட்டி தட்டிப் பிழைக்கிற கூட்டத்துல நானும் ஒருத்தன். எஞ்சினியரிங் படிச்ச நாலு வருஷத்துல ஒரு சொட்டு தொட்டதில்லை. ஒழுக்கம்னு யாரும் தப்பா நினைச்சுடாதீங்க. பிராந்தி வாசனை வந்தாலே எனக்கு வயித்தைப் பிரட்டும். ஏன்னு பிறகு சொல்றேன்.

ஜின் அறிமுகமானது டீம்ல ஒருத்தன் வீட்டு மொட்டை மாடில. கிளாஸை மூக்குகிட்ட கொண்டு போனா, ஊட்டி பைன் மரக்காட்டுல மழை விட்டதும் நிக்கிற மாதிரி ஒரு வாசனை. 'அட, இது பிராந்தி மாதிரி இல்லையே'ன்னு தோணுச்சு. அங்க விழுந்தவன்தான்.

வாசனைக்குக் காரணம் ஜூனிப்பர். பழம்னு சொல்றாங்க, உண்மையில அது சைப்ரஸ் வகை மரத்தோட குட்டிக் கூம்பு. மணமில்லாத ஸ்பிரிட்டுல ஜூனிப்பர், கொத்தமல்லி விதை, எலுமிச்சைத் தோல், ஏலக்காய், அதிமதுரம்னு அவங்கவங்க இஷ்டத்துக்குப் போட்டு வடிக்கிறதுதான் ஜின். பாதிச் சாமான் நம்ம அஞ்சறைப் பெட்டி ஐட்டம். 2017-ல கிரேட்டர் தேன், 2018-ல ஹபூசா, ஸ்ட்ரேஞ்சர் அண்ட் சன்ஸ்னு நம்ம நாட்டு ஜின்களும் வரிசையா வந்தாச்சு. ஹபூசாவுல இமயமலை ஜூனிப்பராம்.

கூட ஊத்துற டானிக்குல இருக்கிற கசப்பு குயினைன். மலேரியாவுக்குக் கொடுத்த அதே சமாச்சாரம், இப்ப மருந்துக்கு ஆகாத அளவுல. அதுக்கான சிங்கோனா மரத்தை 1860-கள்ல வெள்ளைக்காரங்க நீலகிரில நட்டாங்க. ஊட்டியிலேருந்து கூடலூர் போற வழில இருக்கிற நடுவட்டம் அதுக்கு முக்கியமான இடம். ஆக, ஜின் டானிக்குல பாதி நம்மூருதான்னு ஒரு பெருமையை நானே உண்டாக்கிக்கிட்டேன். குடிக்கிறவனுக்குக் காரணமா கிடைக்காது?

அடுத்தது ஊறப்போடும் படலம். காய்ச்ச வேண்டாம், வடிக்க வேண்டாம். கடையில வாங்கின சாதாரண ஜின் 200 மில்லியைக் கண்ணாடி பாட்டில்ல ஊத்தி, வேணுங்கிறதைப் போட்டு மூடிட வேண்டியது. ஆல்கஹால் 42.8 சதவீதம் இருக்கிறதால மணத்தை வேகமா இழுத்துக்கும்.

வெர்ஷன் 1: எலுமிச்சைத் தோல். மஞ்சள் பகுதியை மட்டும் சீவணும். வெள்ளைப் பகுதி சேர்ந்தா கசக்கும். ஒரு நாள் போதும். நான் போட்டது காலி ஊறுகாய் பாட்டில்ல. மூணு தடவை கழுவியும் மாங்காய் ஊறுகாய் வாசம் போகலை. மொத்த பேட்சும் சிங்க்குல.

வெர்ஷன் 2: இஞ்சி, கூடவே எலுமிச்சைப்புல். ரெண்டு நாள். பிரமாதம்.

வெர்ஷன் 3: ஒரு பச்சை மிளகாய். அரை மணி நேரத்துல எடுத்திருக்கணும். நான் ராத்திரி போட்டுட்டுத் தூங்கிட்டேன். மிளகாயோட காரம் தண்ணில சரியா கரையாது, ஆல்கஹால்ல நல்லா கரையும்னு அறை நண்பன் கண்ணுல தண்ணி வந்தப்புறம்தான் படிச்சேன்.

வெர்ஷன் 4: சங்குப்பூ. பத்து பூ, ஒரு மணி நேரம். ஜின் நீலமாயிடும். டானிக் ஊத்தினா ஊதா, எலுமிச்சை பிழிஞ்சா இளஞ்சிவப்பு. பூவுல இருக்கிற நிறமி புளிப்பு பட்டா நிறம் மாறும். பிளஸ் டூ லேப்ல லிட்மஸ் பேப்பரை முக்கினப்போ இவ்ளோ சந்தோஷம் வந்ததில்லை.

எல்லாத்தையும் டீ வடிகட்டில வடிச்சு ஃபிரிட்ஜுல வைப்பேன். பொட்டி தட்டுற புத்தி விடுமா? ஒரு எக்ஸல் ஷீட்டும் போட்டேன். தேதி, என்ன போட்டது, எத்தனை மணி நேரம், எவ்வளவு குடிச்சேன், ருசிக்கு மார்க்.

போன மாசம் அம்மா ஊர்லேருந்து வந்தாங்க. காலையில பால் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தவங்க, நீல பாட்டிலை வெளிச்சத்துல தூக்கிப் பார்த்தாங்க.

"என்னடா இது, கஷாயமா?"

ஆமான்னு சொல்லியிருக்கலாம். வாய் வரலை. அம்மா மூடியைத் திறந்து மோந்து பார்த்தாங்க. இருவது வருஷம் தினமும் அந்த வாசனையோட குடும்பம் நடத்தினவங்களுக்கு இஞ்சியும் எலுமிச்சைப்புல்லும் எதையும் மறைக்காது.

"நீயே காய்ச்சுறியா?"

எங்க ஊர் கள்ளக்குறிச்சிப் பக்கம். 2024 ஜூன்ல கருணாபுரத்துல விஷச்சாராயம் குடிச்சு 60-க்கும் மேல செத்தாங்களே, அந்த வாரம் பூரா அம்மா டிவியை அணைக்கவே இல்லை. அந்தப் பயம் குரல்ல தெரிஞ்சுது. நான் மெத்தனால்னா என்ன, நான் காய்ச்சலை, கடை பாட்டில்ல வெறுமனே ஊற வைக்கிறேன்னு பெரிய லெக்சர் கொடுத்தேன். அம்மா கெமிஸ்ட்ரி கேக்கலை.

"வாரத்துக்கு எத்தனை நாள்?"

"சனிக்கிழமை மட்டும்தான்மா."

"உங்கப்பாவும் மொதல்ல ஞாயித்துக்கிழமை மட்டும்தான்."

கொஞ்சம் கொசுவத்தி. எங்கப்பா தினமும் ஒரு குவாட்டர். அடிக்க மாட்டார், சத்தம் போட மாட்டார். வாசல்ல செருப்பைக் கழட்டத் தெரியாம ரொம்ப நேரம் நிப்பார். நான்தான் போய்க் கழட்டி விடுவேன். அப்போ முகத்துக்கு நேரா அந்த பிராந்தி வாசனை. மஞ்சக்காமாலை வந்து ஆஸ்பத்திரில கிடந்தப்புறம் நிறுத்தினார். ஆறு வருஷமாச்சு. இப்பவும் அவர் வர அஞ்சு நிமிஷம் லேட்டானா அம்மா வாசலுக்கு வந்துடுவாங்க.

அன்னிக்கு ராத்திரி 'சனிக்கிழமை மட்டும்'ங்கிறதை நிரூபிக்கிற வீம்புல எக்ஸல் ஷீட்டைத் திறந்தேன். முதல் மாசம் 4 வரி. எல்லாம் சனிக்கிழமை. அடுத்த மாசம் 6. கடைசி மாசம் 13. புதன், வியாழன் எல்லாம் இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல நானே எழுதின காரணம்: 'இஞ்சி டெஸ்ட்', 'ரிலீஸ் முடிஞ்சுது', 'சும்மா'. அளவும் 30 மில்லிலேருந்து 60-க்குப் போயிருந்துச்சு. எனக்குத் தெரியவே தெரியாது. நான் பொய் சொல்றதா நினைச்சு அம்மாகிட்ட அதைச் சொல்லலை.

13-ங்கிறது பெரிய நம்பரான்னு உங்கள்ல சிலர் சிரிக்கலாம். எனக்குப் பயம் 13 இல்லை. 4, 6, 13-ங்கிற வரிசை.

காலையில அம்மா ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க. "அடுத்த மாசம் அப்பா கண் ஆபரேஷனுக்கு இங்க வர்றாரு. அப்ப இது இங்க இருக்கக்கூடாது." என்னைக் குடிக்காதேன்னு சொல்லலை. சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்பேன், சுலபமா இருந்திருக்கும்.

மிச்சமிருந்த பாட்டில்களை நண்பன் தன் அக்கா வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டான். அப்பா ஊருக்குப் போனதும் திரும்ப வாங்குவேனா? வாங்கினாலும் சனிக்கிழமை, 30 மில்லி. ஷீட்டை அழிக்கலை. அதை இனிமே நேர்மையாப் பார்க்கணும், அவ்ளோதான். வரிசை மறுபடி ஏறினா நிறுத்திடணும்னு அதுலயே மேல எழுதி வெச்சிருக்கேன்.

பி.கு: சங்குப்பூவை வெந்நீர்ல போட்டு, ஆறினதும் தேனும் எலுமிச்சையும் விட்டாலும் அதே வித்தைதான், நீலம் ஊதாவாகும். அம்மாவுக்குப் போட்டுக் கொடுத்தேன். மோந்து பார்த்துட்டுதான் குடிச்சாங்க.