மின்விசிறித் தூசியும் ஒரு பழைய கேள்வியும்

"சார், ஃபேன் இவ்வளவு வேகமா சுத்துது. இறக்கையில இருக்கிற தூசிய மட்டும் காத்து ஏன் அடிச்சுட்டுப் போகல?"

ஒன்பதாம் வகுப்பு, கடைசி பெஞ்ச். "துடைக்கல, அதான் இருக்கு. உட்காருடா" என்றேன். வகுப்பே சிரித்தது. அந்த வருஷம் முழுக்க அவன் வேறெதுவும் கேட்கவில்லை. எனக்கு விடை தெரியாது என்பதுதான் உண்மை.

போன வாரம் வீட்டுக்கு வந்த மகள் மடிக்கணினியில் ஓர் உருளையைச் சுற்றி நீர் ஓடுவதைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தாள். உருளைக்குப் பின்னால் சுழல்கள் மேலும் கீழுமாக மாறி மாறிப் பிரிந்து போகவேண்டும். கார்மான் சுழல் வரிசை என்பார்கள். படத்திலோ, வலது ஓரத்தை எட்டியதும் அவை நசுங்கின.

"சமன்பாடு தப்பாம்மா?"

"நேவியர்-ஸ்டோக்ஸ்ல என்னப்பா தப்பு? ஓரத்துல நான் சொன்னதுதான் தப்பு. தண்ணி வெளியேறுற இடத்த ரொம்பக் கிட்ட வெச்சு, அங்க முழுக்க அழுத்தம் பூஜ்யம்னு கொடுத்துட்டேன். சுழலோட நடுவுல அழுத்தம் குறைவு. அது அங்க வந்தா ரெண்டும் ஒத்துப்போகல."

அந்த ஓரத்தை உருளையின் விட்டத்தைப்போல் 20 மடங்கு தள்ளி வைத்தாள். சுழல்கள் ஒழுங்காயின. பக்க எல்லைகளையும் விலக்கினாள். அவை நெருங்கியிருந்தால் நீர் இடுக்கில் வேகமெடுத்து, சுழல்கள் அடிக்கடி பிரியுமாம்.

உருளையின் பரப்புக்கு என்ன கொடுத்தாய் என்றேன். "நோ ஸ்லிப்." பரப்பைத் தொடும் நீர் வழுக்காது, அதோடு ஒட்டி நிற்கும். இன்று ஒரு வரியில் எழுதிவிடுகிறார்கள். 1823-இல் நேவியர் கொஞ்சம் வழுக்கும் என்றே எழுதினார். 1845-இல் ஸ்டோக்ஸும் இதில் தயங்கினார்.

அப்போதுதான் தலைக்கு மேல் பார்த்தேன். இறக்கையைத் தொடும் காற்று இறக்கையோடு சேர்ந்தே சுற்றுகிறது. இறக்கையில் உட்கார்ந்திருக்கும் தூசிக்கு அங்கே காற்றே இல்லாத மாதிரிதான். சற்று விலகினால்தான் வேகம். இடைப்பட்ட அந்த மெல்லிய அடுக்கைத்தான் 1904-இல் பிராண்ட்டில் எல்லைப் படலம் என்று விளக்கினார். தூசி அதன் அடியில் பத்திரமாக ஒட்டியிருக்கிறது. ஸ்கூட்டர் மேல் வாளித் தண்ணீரை வீசி ஊற்றினாலும் மண் படலம் முழுதும் போகாமல், துணி தேவைப்படுவதும் இதனால்தான்.

பெயர் சொல்லவில்லை, உனக்கே தெரியும். அன்று நீ கேட்டது நல்ல கேள்விடா. உட்காரச் சொல்லியிருக்கக் கூடாது. இதைப் படித்தால் ஒரு போன் போடு.