சக்கரம் பூட்டிய அஞ்சடி

மலாக்காவிலிருந்து மூவார் செல்லும் பழைய சாலையில் ஏறத்தாழ 15 மைல் வந்தால் மெர்லிமாவ் பட்டணம். ஜாசின் மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூருக்கு ஒருபுறம் மலாக்கா நீரிணை. மறுபுறம், தொலைவில் நீலமாய்த் தெரியும் குனோங் லேடாங். இடைப்பட்ட நிலத்தில் முன்பு பால்மரம், இன்று பெரும்பாலும் செம்பனை. கடலையும் மலையையும் ஒருசேரப் பெற்றது நம் பேறுதான். ஆனால், நம் பிள்ளைகளில் எத்தனை பேர் ஒரு பகல் முழுதும் கடற்கரையில் இருந்திருக்கிறார்கள்?

நான்காம் ஆண்டு மாணவர்களைக் "கடற்கரையில் ஒரு நாள்" என்று கட்டுரை எழுதச் சொன்னேன். எல்லாரும் வெண்மணல் என்றே எழுதியிருந்தார்கள். நம் பக்கத்துக் கரையில் சேறும் கண்டல் மரமும் உண்டு என்பதை ஒருவர்கூட எழுதவில்லை. படித்ததை எழுதினார்களே தவிர, பார்த்ததை எழுதவில்லை.

காரணம் கேட்டால் பெற்றோர் சொல்வது ஒன்றுதான்: "வெயில் தாங்காது சார்." உண்மைதான். பத்து மணிக்கு மேல் கைக்குழந்தையோடு அங்கே உட்கார முடியாது. ஆகவே பாட்டி வீட்டில் தங்குகிறாள். பாட்டிக்குத் துணையாக அம்மா தங்குகிறாள். அப்பாவும் பையன்களும் மட்டும் போய் ஒரு மணி நேரத்தில் திரும்புகிறார்கள். குடும்ப உலா என்பது பாதிக் குடும்பத்தின் உலாவாகி விடுகிறது.

இதற்கு ஓர் எளிய வழி உண்டு. வேன் அல்லது காரின் கூரையோரம் பிணைத்து, பக்கவாட்டில் இழுத்து விரிக்கும் துணிப் பந்தல்தான் அது. வண்டிச் சாய்ப்பு எனலாம். கடையில் விற்பது சுருட்டி வைக்கும் வகை. இரண்டு கால்கள், நான்கு கயிறுகள், சில முளைகள், அவ்வளவே. வாங்க வசதியில்லாதவர்கள், ஓரத்தில் வளையம் அடித்த தார்ப்பாயைக் கூரைச் சட்டத்தில் கட்டி, இரண்டு மூங்கில் கொடுத்து நிறுத்தலாம். வேலை நடக்கும்.

இது நமக்குப் புதிதும் அன்று. தமிழ்நாட்டில் திருவிழாவுக்குக் கூண்டு வண்டி கட்டிப் போனவர்கள், மாட்டை அவிழ்த்துவிட்டு வண்டி நிழலிலேயே பொங்கித் தின்று படுத்தார்கள். மினாங்கபாவ் வீடுபோல் இரு முனையும் உயர்ந்த கூரையுடைய மலாக்கா மாட்டுவண்டி இம்மாநிலத்தின் பெருமை அல்லவா! தோட்டத்து லாரிக்குத் தார்ப்பாய் கட்டித் தைப்பூசத்துக்குப் போன கதையைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள்.

சென்ற பள்ளி விடுமுறையில் மூன்று குடும்பங்கள் சேர்ந்து, மெர்லிமாவை அடுத்த பந்தாய் சீரிங்குக்குப் போனோம். செம்பனைக் குலை வெட்டும் ஒரு தந்தையின் பழைய வேனில் தார்ப்பாய்ச் சாய்ப்பு ஏறியது. அடியில் பாய் விரித்து, முதலில் பாட்டியை உட்கார வைத்தோம். முப்பது ஆண்டுகள் பால்மரம் சீவியவர். வெகுநேரம் கடலையே பார்த்திருந்து, "வாத்தியாரே, காலம் பூரா நெழல்லதான் வேலை செஞ்சேன். ஆனா நெழல்ல ஒக்காந்ததில்ல" என்றார். லயத்து வீட்டு அஞ்சடியில் மாலையில் கூடிப் பேசிய காலம் போய், ஆளுக்கொரு பட்டணத்தில் குடியிருக்கிற நமக்கு, அந்த அஞ்சடியே சக்கரம் பூட்டி வந்ததுபோல் இருந்தது. பிள்ளைகள் சேற்று நண்டை எண்ணினார்கள். அம்மாமார்கள் அடுப்பை மறந்து கதை பேசினார்கள்.

போக நினைப்பவர்கள் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். நீரிணையில் நாளுக்கு இருமுறை நீர் ஏறி வற்றும். ஆகவே வண்டியைச் சேற்றில் இறக்காமல் கெட்டி நிலத்தில் நிறுத்துங்கள். தென்னை மரத்தடி வேண்டாம். நம் கரை மேற்குத் திசையைப் பார்த்தது. ஆகவே பிற்பகலில் சாய்ப்பைத் தரைப்பக்கம் விரித்தால், வண்டியே மேற்கு வெயிலையும் கடற்காற்றையும் மறைக்கும். கடல் தெரியவில்லையே என்பவர்கள் காரின் இருபுறக் கதவுகளையும் திறந்து வைக்கட்டும். கடலுக்கு ஒரு சன்னல் கிடைத்துவிடும்!

சாய்ப்பின் ஒரு முனையைத் தாழ்த்திக் கட்டுங்கள். ஐந்து சதுர மீட்டர் துணியில் ஒரு சென்டிமீட்டர் மழைநீர் தேங்கினால் அதன் எடை 50 கிலோ. மூங்கிலும் முறியும், துணியும் கிழியும். சுமத்திராவிலிருந்து வரும் சூறைக்காற்று பெரும்பாலும் விடியலிலும் காலையிலும் வரும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை எச்சரிக்கை தேவை. மேற்கே மேகம் கறுத்தால் யோசிக்காமல் சுருட்டுங்கள். மின்னல் மிகுந்த நாடு நம்முடையது. இடி கேட்டதும் எல்லாரும் வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்த வேண்டும். இரும்புக் கூரை காக்கும், துணிக் கூரை காக்காது. சாய்ப்பைச் சுற்றித் துணி கட்டி மூடிக்கொண்டு கரியடுப்பு மூட்டுவதும், எஞ்சினை ஓடவிட்டுத் தூங்குவதும் உயிருக்கே உலை. அந்தப் புகையில் வாசனையே இல்லாத நச்சுக் காற்று இருக்கிறது.

கடல் பழகியபின் மலையடிவாரம் போக ஆசை வரும். 1,276 மீட்டர் உயரமுள்ள லேடாங்கின் மலாக்கா பக்கத்தில் ஆசஹான் அருவி, ஜொகூர் பக்கத்தில் சாகில் அருவி. பகலில் போய் வாருங்கள். ஆனால் மலையில் மழை பெய்தால், கீழே வெயில் அடிக்கும்போதே ஆற்றில் வெள்ளம் பாயும். நீர் கலங்கினால் கரையேறி விடுங்கள். இரவு தங்குவதானால் உரிமம் பெற்ற முகாமிடமா, மேலே சரிவு உண்டா என்று விசாரியுங்கள். 2022 டிசம்பர் 16ஆம் நாள் சிலாங்கூரின் பத்தாங் காலியில், உரிமம் இல்லாத முகாமிடத்தின்மேல் விடியுமுன் மண் சரிந்து 31 பேர் மாண்டார்கள். விடுமுறைக்கு வந்த குழந்தைகளும் அவர்களில் இருந்தார்கள்.

நல்ல இடம், இறுகிய கயிறு, வானத்தின்மேல் ஒரு கண். இம்மூன்றும் இருந்தால் போதும். கட்டுச்சோறு கட்டுங்கள், குப்பைக்கு ஒரு பை எடுங்கள், முக்கியமாக, "நான் எதுக்குப்பா" என்று சொல்லும் பாட்டியை முதலில் வண்டியில் ஏற்றுங்கள். விடுமுறை முடிந்து பிள்ளைகள் எழுதும் கட்டுரையில் வெண்மணல் இராது. சேறும் நண்டும் பாட்டியும் இருப்பார்கள்.