கொதிக்கிற இடம்

குற்றத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தம்பியின் மோட்டார் சைக்கிளைக் கெடுத்தவன் நான்தான். துபாய்க்குக் கிளம்பும்போது, "வாரத்துக்கு ஒரு தரம் ஸ்டார்ட் பண்ணி வையுங்க அண்ணே, அது போதும்" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். நானோ பூந்தமல்லிக்கும் அம்பத்தூருக்குமாக அதில் சவாரி செய்துகொண்டிருந்தேன். ஒரு நாள் சிவப்பு விளக்கு எரிந்தது. வீடு கிட்டத்தில்தானே என்று ஓட்டினேன். எஞ்சினைக் குளிர்விக்கிற நீர் வற்றிப்போய், வானகரத்துக்கு அருகில் வண்டி 'கிறீச்'சென்று நின்றது. பிஸ்டன் பிடித்துக்கொண்டுவிட்டது.

அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் பின்னால் எனக்குத் தெரிந்த மேஸ்திரி ஒருவர் இருக்கிறார். "ரீபோர் செய்துவிடலாமே?" என்றேன், விஷயம் தெரிந்தவன் போல. அப்பாவின் பழைய வண்டிக்கு அதுதான் வைத்தியம். வார்ப்பிரும்புச் சிலிண்டர், தேய்ந்தால் கால் மில்லிமீட்டர் கடைந்து, சற்றே பெரிய பிஸ்டன் போடுவார்கள். ஒரே சிலிண்டரை அப்பா மூன்று முறை கடைந்து ஓட்டினார்.

மேஸ்திரி சிரித்தார். "இது 2012 மாடல், ஸார். உடம்பெல்லாம் அலுமினியம், உள்ளே தோல் மட்டும் நிக்கல். கடைந்தால் தோல் போய்விடும்."

நிக்கலோடு சிலிக்கன் கார்பைடுத் துகள்களையும் சேர்த்துப் படிய வைக்கிற வித்தை அது. 1967-இல் ஜெர்மனியின் மாலே கம்பெனி வாங்கெல் எஞ்சினுக்காக உண்டாக்கியது. கனடாவில் பனிமேல் ஓடும் வண்டிகளுக்குக்கூட இந்தப் பூச்சு உண்டாம். கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இராது.

உள்ளே எட்டிப் பார்த்தேன். சுவரில் வெள்ளி வெள்ளியாகக் கோடுகள். பிஸ்டனின் அலுமினியம் இழுபட்டு ஒட்டியிருந்தால் பிழைத்தோம். பூச்சே உரிந்திருந்தால் தொலைந்தோம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிந்தன.

மேஸ்திரி கையுறை மாட்டிக்கொண்டு, கழிவறை கழுவும் ஆசிட்டை எடுத்தார். என்னை வாசலோரம் நிற்கச் சொல்லிவிட்டு, குச்சியில் பஞ்சு சுற்றி ஒரு கோட்டின்மேல் தொட்டு வைத்தார். பொசபொசவென்று நுரைத்தது. "அலுமினியத்தைத் தின்கிறது. நிக்கலை அவ்வளவு சுலபத்தில் தொடாது. கொதிப்பு அடங்கினால் அடியில் பூச்சு இருக்கிறது, ஸார்." (குரோமியப் பூச்சென்றால் ஆசிட் ஆகாது, குரோமியத்தையே கரைத்துவிடும். அதற்குக் காஸ்டிக் சோடா.) தொடுவதும் துடைப்பதும் தண்ணீர் விடுவதுமாக அரைமணி நேரம். கோடுகள் ஒவ்வொன்றாக அடங்கின. எனக்கு உயிர் வந்தது.

ஓர் இடம் மட்டும் அடங்கவில்லை. கட்டைவிரல் நகத்தளவுதான். கொதித்துக்கொண்டே இருந்தது. மேஸ்திரி சட்டென்று தண்ணீரைக் கொட்டினார். இன்னும் விட்டால் குழி விழுந்துவிடும்.

"மறுபடி பூச்சு ஏற்ற முடியாதா?"

"ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அனுப்பி வரவழைப்பதற்குள் புதுச் சிலிண்டர் விலை ஆகிவிடும்." கொஞ்சம் தயங்கிவிட்டு, "லேசாகத் தேய்த்துப் புது ரிங் போட்டுத் தரட்டுமா? தம்பி வருகிற வரைக்கும் ஓடும்" என்றார்.

"வந்த பிறகு?"

அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். பதில் சொல்லவில்லை. அந்த யோசனை எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். தேநீர் குடிக்கிற நேரம் முழுவதும் பிடித்திருந்தது.

புதுச் சிலிண்டருக்கு முன்பணம் கொடுத்துவிட்டு, அன்றிரவு துபாய்க்குப் பேசினேன். முழுக்கக் கேட்டுவிட்டுத் தம்பி ஒன்றே ஒன்றுதான் கேட்டான்: "சிவப்பு லைட் எரிஞ்சுதா அண்ணே?"

"எரிஞ்சுது" என்றேன்.