லைனில் மோட்டார் வைத்தவன்

சென்னையில் தெருக்குழாய் லைனில் நேரடியாக மோட்டார் வைத்துப் பல வருடம் தண்ணீர் இழுத்தவன் நான். அது விதிமீறல். பிடிபட்டால் மோட்டாரைப் பறிமுதல் செய்வார்கள், இணைப்பையும் துண்டிக்கலாம். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்தியவன் நான். அழுத்தம், வெற்றிடம், நீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதையெல்லாம் கரும்பலகையில் வரைந்து காட்டிவிட்டு வீட்டுக்கு வந்து அதே வேலையைத் திருட்டுத்தனமாகச் செய்துகொண்டிருந்தேன்.

எங்கள் தெரு லைனின் கடைக்கோடி. விடியற்காலையில் சிறிது நேரம் தண்ணீர் விடுவார்கள். முன்னால் இருக்கும் தெருக்களெல்லாம் பிடித்து முடித்த பிறகு எங்களுக்கு நூல் மாதிரி வரும். ஒரே தளம் உள்ள வீட்டுக்கு 7 மீட்டர், இரண்டு தளங்கள் உள்ளதற்கு 12 மீட்டர் நீர்மட்ட அழுத்தமாவது லைனில் இருக்கவேண்டும் என்று மத்திய அரசின் 1999-ஆம் ஆண்டுக் குடிநீர்க் கையேடு சொன்னது. எங்கள் குழாயில் இடுப்பு உயரத்துக்கு ஏறவே தண்ணீர் யோசித்தது. அதனால்தான் பழைய சென்னை வீடுகளில் வாசலிலேயே லைனோடு ஓர் அடிபம்பு இருக்கும். எங்கள் வீட்டிலும் இருந்தது. அடித்து அடித்துக் குடத்தை நிரப்பி, மாடிக்குத் தூக்கவேண்டும். அந்த வேலையை என் மனைவிதான் செய்தாள் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாங்கியபோது அவளுக்காகத்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

ப்ளம்பர் வந்து பார்த்தார். “தரைக்கடியில சம்ப் வெட்டணும்னா போர்ட்டிகோவை உடைக்கணும் சார். லைன்லயே டைரக்டா போட்டுடலாம், எல்லாரும் அப்படித்தான் போட்டிருக்காங்க” என்றார். போர்ட்டிகோவில் அப்போதுதான் கிரானைட் போட்டிருந்தோம். அதை உடைக்க மனசு வரவில்லை. விஷயம் அவ்வளவுதான். அரை ஹெச்.பி. மோட்டார் ஒன்றைக் குளியலறை மூலையில் பொருத்தி, சத்தம் வெளியே கேட்காமலிருக்க ஒரு மரப்பெட்டியால் மூடினோம். தண்ணீர் விடும் நேரத்தில் சுவிட்சைப் போட்டால் மொட்டை மாடி டேங்க் வழிந்தது.

மோட்டார் தண்ணீரை உற்பத்தி செய்வதில்லை. லைனுக்குள் வருவதே கொஞ்சம். நான் கூடுதலாக இழுத்தால் அது யாரோ ஒருவருடைய குடம். அந்த யாரோ ஒருவர் எதிர்வீட்டு அக்கா. தனியாக இருந்தார், அடிபம்பை நம்பி.

ஒருநாள் காலையில் வாசலுக்கு வந்தார். “தம்பி, உங்க வீட்ல தண்ணி வருதா? எனக்கு வெறும் காத்துதான் வருது, கைப்பிடி கல்லு மாதிரி கனக்குது” என்றார். உள்ளே என் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. கைப்பிடி ஏன் கனக்கிறது என்று எனக்குத் தெரியும். லைனில் இழுக்க ஒன்றுமில்லாதபோது வெற்றிடத்தை எதிர்த்து அடிக்கிறார். நான் சொன்னது இதுதான்: “வாஷர் போயிருக்கும் அக்கா. மாத்திப் பாருங்க.”

அவர் ஆளைக் கூப்பிட்டுக் காசு கொடுத்து வாஷர் மாற்றினார். வாத்தியார் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பினார். மறுநாளும் காற்றுதான் வந்தது.

தண்ணீர் எடுத்ததைவிட இந்த வாஷர் விஷயம்தான் எனக்கு இன்றும் கூசுகிறது. தண்ணீருக்காவது தேவை என்று ஒரு சாக்கு இருந்தது.

இன்னொன்றும் உண்டு. லைனில் அழுத்தம் இருக்கும்வரை, விரிசல் விட்ட இணைப்பு வழியே தண்ணீர் வெளியேதான் கசியும். மோட்டார் உறிஞ்சும்போது குழாய்க்குள் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும் கீழே இறங்கலாம். அப்போது கசிவு திசை மாறி, வெளியே தேங்கி நிற்பது உள்ளே வரும். சென்னைத் தெருக்களில் குடிநீர்க் குழாயும் சாக்கடைக் குழாயும் எவ்வளவு பக்கத்தில் படுத்திருக்கின்றன என்று பள்ளம் தோண்டும்போது பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு மழைக்காலத்தில் எங்கள் தெருவில் தண்ணீர் மஞ்சளாக, நாற்றத்தோடு வந்தது. சில பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. தெருக்காரர்கள் சேர்ந்து புகார் மனு எழுதினார்கள். தமிழ் நன்றாக எழுதுவேன் என்று என்னிடமே கொடுத்தார்கள். காட்டமாக எழுதி, முதல் கையெழுத்தும் நானே போட்டேன். காரணம் என் மோட்டார் மட்டும்தான் என்று சொல்லமாட்டேன். தெருவில் வேறு பெட்டிகளுக்குள்ளும் மோட்டார்கள் உறுமிக்கொண்டிருந்தன. அந்த மனுவில் மோட்டார் என்ற சொல்லே வராமல் எல்லோரும் பார்த்துக்கொண்டோம்.

மனசாட்சி உறுத்தித் திருந்தினேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. எங்கள் லைனில் காற்றைத் தவிர ஒன்றுமில்லை. ஆசை விடவில்லை, தினமும் சுவிட்சைப் போட்டுப் பார்த்தேன். தண்ணீர் இல்லாமல் ஓடிச் சூடேறி மோட்டாரின் சீல் கருகியது. லாரித் தண்ணீரை இறக்கி வைக்கவும் எங்களிடம் இடமில்லை. அப்போதுதான் போர்ட்டிகோவை உடைத்தோம்.

அங்கே வெட்டிய சம்ப் ஐந்தடி நீளம், நான்கடி அகலம், நான்கடி ஆழம். 80 கன அடி, அதாவது சுமார் 2,260 லிட்டர். லைனிலிருந்து வரும் குழாயின் வாயைத் தரைக்கு இரண்டடி கீழே சம்புக்குள் திறந்துவிட்டோம். மூன்றடி உயரத்தில் இருந்த குழாய் இப்படி ஐந்தடி இறங்கியது. ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நீர்மட்ட அழுத்தம், மின்சாரம் இல்லாமல், யாரிடமும் பறிக்காமல் கிடைத்தது. மழை வந்து லைன் மறுபடி உயிர்பெற்றபோது, நூல் மாதிரி வந்த தண்ணீர் தானாகவே சம்பில் விழுந்து சேர்ந்தது. நிரம்பினால் மிதவை வால்வு மூடிக்கொள்ளும். மோட்டாருக்கு இப்போது சம்பிலிருந்து மாடி டேங்குக்கு ஏற்றும் வேலை மட்டும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகூடப் போட்டுவிடும் கணக்கு. கிரானைட்டுக்காக அதைப் போடாமல் இருந்தேன்.

அக்காவிடம் இதுவரை சொல்லவில்லை. அந்த வாஷர் காசையும் கொடுக்கவில்லை. இப்போது அவர் பம்பில் தண்ணீர் வருகிறது. அன்று வராததற்கு என் மோட்டாரும் காரணம் என்று அவருக்கு இன்னும் தெரியாது.

உங்கள் வீட்டு மோட்டாரின் உறிஞ்சு குழாய் எங்கே போய் முடிகிறது என்று ஒருமுறை குனிந்து பாருங்கள். சம்பில் முடிந்தால் சரி. தெரு லைனில் முடிந்தால் இந்த வாரமே ப்ளம்பரைக் கூப்பிட்டுக் கழற்றிவிடுங்கள்.