அஞ்சறைப் பெட்டியும் சுங்க அட்டவணையும்

நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் கடுகும் மிளகும் சீரகமும் வெந்தயமும் மஞ்சளும் ஒரே மூடியின் கீழ் ஒற்றுமையாக இருந்துவருவதற்குத் தாளிப்பு என்ற ஒரே காரியம்தான் காரணம். சுங்க அட்டவணையை வகுத்த பெரியவர்களுக்கோ தாளிப்பில் சிரத்தை கிடையாது. அவர்கள் கடுகை எண்ணெய் வித்துக்களோடு சேர்த்து 1207 என்ற தலைப்பில் வைத்தார்கள். பெருங்காயம் பிசின் வகை ஆகையால் அது அரக்கோடும் கோந்தோடும் 1301இல் போய்ச் சேர்ந்தது. புளி உலர்ந்த பழமாகி 0813 ஆயிற்று. மிளகும் மிளகாய் வற்றலும் 0904 என்ற ஒரே தலைப்பின் கீழும், கொத்தமல்லியும் சீரகமும் சோம்பும் 0909இன் கீழும், மஞ்சளும் இஞ்சியும் வெந்தயமும் 0910இன் கீழும் அமர்ந்தன. உப்புக்கு நேர்ந்த கதிதான் விசேஷம்: உணவுப் பொருள்களுக்குரிய அத்தியாயங்கள் எதிலும் அதற்கு இடம் கிடைக்காமல், கந்தகம், சுண்ணாம்பு, சிமெண்டு ஆகியவற்றின் வரிசையில், 25ஆம் அத்தியாயத்தின் முதல் தலைப்பாக அது நிற்கிறது. உப்புக்கும் வரிக்கும் உள்ள சம்பந்தம் எங்கள் புதுக்கோட்டைச் சீமைக்குப் புதிதல்ல. உவர்மண்ணைக் காய்ச்சி உப்பெடுக்கும் தொழிலை 1887இல் சமஸ்தானம் நிறுத்திவிட்டு, அதற்கு ஈடாக ஆண்டுக்கு 38,000 ரூபாயை ஆங்கில அரசாங்கத்திடமிருந்து பெற்றுவந்த கதையை எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

தூத்துக்குடித் துறைமுகத்தில் கிளியரிங் ஏஜெண்டாகத் தொழில் செய்து, இப்போது அறந்தாங்கியோடு வந்து ஒதுங்கிவிட்ட என்னிடம், சரக்கு வரவழைக்க விரும்பும் சிறு வியாபாரிகள் வந்து முதலில் கேட்பது, ‘இதற்கு என்ன கோடு போடலாம், ஐயா?’ என்பதே. போடலாம் என்ற சொல்லில் ஒரு சுதந்திரம் தொனிக்கிறது. அப்படி ஒரு சுதந்திரம் இறக்குமதி செய்பவனுக்கு இல்லை. 1983இல் பிரஸ்ஸல்ஸில் கையெழுத்தாகி 1988இல் நடைமுறைக்கு வந்த சர்வதேச ஒப்பந்தப்படி, எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள் உலகத்தின் பெரும்பாலான தேசங்களுக்குப் பொதுவானவை. நம் நாடு அவற்றோடு இரண்டு இலக்கம் சேர்த்து எட்டாக்கிக்கொண்டிருக்கிறது. அந்த எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டுமே ஒழியத் தேர்ந்துகொள்ள முடியாது. ருசியும் பேரும் பாக்கெட்டின் மேல் அச்சடித்த படமும் அதற்கு உதவுவதில்லை. பொருள் என்ன வஸ்து, அதற்கு என்னென்ன செய்யப்பட்டிருக்கிறது என்ற இரண்டே கேள்விகள் உண்டு. ஆகவே நான் மாதிரிப் பாக்கெட்டை வாங்கியதும் அதைத் திருப்பி, சேர்மானப் பட்டியலைத்தான் முதலில் படிப்பேன். எடையில் அதிகமானது முதலிலும் குறைவானது கடைசியிலுமாக எழுதவேண்டும் என்பது விதி. மிளகாய், மல்லி, சோம்பு என்று தொடங்குகிற பட்டியலுக்கும், உப்பு, சர்க்கரை, மாவுச்சத்து என்று தொடங்கி மிளகாயைக் கடைசியில் சொல்லுகிற பட்டியலுக்கும் உள்ள தூரம் பன்னிரண்டு அத்தியாயங்களின் தூரம்.

ஒன்பதாம் அத்தியாயத்தின் தலையில் உள்ள முதல் குறிப்பை இந்தத் தொழிலின் பாலபாடம் என்று நான் கருதுகிறேன். ஒரே தலைப்புக்குரிய இரண்டு சரக்குகளைக் கலந்தால் கலவை அந்தத் தலைப்பிலேயே இருக்கும். வெவ்வேறு தலைப்புக்குரியவற்றைக் கலந்தால் அது 0910க்குப் போகும். உப்போ மாவோ போன்ற வேறு வஸ்துக்கள் சேர்ந்தாலும் மசாலாச் சரக்கின் மூல சுபாவம் கெடாதவரையில் அது அத்தியாயத்தை விட்டு நீங்காது. சுபாவம் கெட்டுப்போய், வேறொரு சுவையூட்டியாகிவிட்டால், சோயா சாஸும் தக்காளிக் கெச்சப்பும் இருக்கிற 2103க்கு ஏறிவிடும். எவ்வளவு உப்பு சேர்ந்தால் சுபாவம் கெடும் என்பதற்குச் சதவீதக் கணக்கு எதுவும் குறிப்பில் இல்லை. அதை வைக்காமல் விட்டது விவேகம் என்றே எனக்குத் தோன்றுகிறது. வைத்திருந்தால், அந்தச் சதவீதத்துக்கு அரைச் சதவீதம் மேலும் கீழுமாக உலகம் முழுவதும் பொடிகள் அரைபட்டிருக்கும்.

வரிக்காகவே பொடி அரைப்பார்கள் என்ற சந்தேகத்துக்கு இடமில்லை என்று நினைப்பவர்கள் வரி விகிதத்தைப் பார்க்கவேண்டும். மிளகுக்கும் மிளகாய்க்கும் அடிப்படை இறக்குமதி வரி 70 சதவீதம். 0910இல் உள்ள கலவைக்கு 30. அப்படியானால் மிளகாய்த்தூளில் ஒரு சிட்டிகை சீரகத்தைத் தூவி, கலவை என்று சொல்லிவிட்டால் என்ன என்ற கேள்வி, கேட்பவருடைய வாயில் வருவதற்கு முன்னாலேயே அவர் முகத்தில் வந்துவிடும். குறிப்பின் எழுத்தை மட்டும் பிடித்துக்கொண்டு வாதிப்பவன் கொஞ்ச நேரம் நிற்கலாம். ஆனால் எதிரே இருக்கும் உத்தியோகஸ்தர், இந்தச் சீரகம் சமையலுக்காகச் சேர்ந்ததா, வரிக்காகச் சேர்ந்ததா என்று கேட்டால், இலாபக் கணக்கைத் தவிர வேறு பதில் அவனிடம் இருக்காது. அத்தகைய காகிதத்தில் நான் கையெழுத்திட்டதில்லை. இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை, லைசென்ஸ் என் பேரில் இருந்தது.

எண் தெரிந்துவிட்டால் பாதி வேலைதான் ஆகிறது. பொருள் எந்த நாட்டுடையது என்ற இரண்டாவது கேள்வி, வர்த்தக ஒப்பந்தங்கள் பெருகியபின் முதல் கேள்வியைக் காட்டிலும் கனமாகிவிட்டது. 1998 டிசம்பரில் கையெழுத்தாகி 2000 மார்ச்சில் அமலுக்கு வந்த இந்திய–இலங்கை ஒப்பந்தப்படி, இலங்கையிலேயே விளைந்த பொருளுக்குச் சிக்கல் இல்லை. வெளிநாட்டுச் சரக்கு கலந்து செய்ததென்றால், அந்தச் சரக்கின் நான்கு இலக்கத் தலைப்பு மாறியிருக்கவேண்டும். இலங்கையில் சேர்ந்த மதிப்பு, கப்பலில் ஏற்றும் விலையில் 35 சதவீதமாவது இருக்கவேண்டும். இந்தியச் சரக்குப் பத்துச் சதவீதம் உள்ளே இருக்குமானால் இலங்கையின் பங்கு 25 ஆனாலும் போதும். வியட்நாமிலிருந்து முழு மிளகைக் கொழும்புக்குக் கொண்டுவந்து அங்கே அரைத்தால் அது இலங்கை மிளகாகிவிடாது. முழு மிளகும் 0904, தூளும் 0904, தலைப்பு மாறவில்லை. ஆசியான் நாடுகளோடு நாம் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் ஆறு இலக்கம் மாறினால் போதும் என்றிருப்பதால், 0904.11 ஆன முழு மிளகு தூளாகி 0904.12 ஆகும்போது எண் மாறிவிடுகிறது. ஆயினும் 35 சதவீத மதிப்பை வெறும் அரவையால் சம்பாதிப்பது சுலபமல்ல. ஒரே அம்மியில் அரைத்த ஒரே மிளகு ஓர் ஒப்பந்தத்தில் எண் மாறியதாகவும் மற்றொன்றில் மாறாததாகவும் நிற்கும் விநோதத்துக்கு நான் இன்னும் பழகிக்கொண்டிருக்கிறேன்.

மிளகு விஷயத்தில் மலைநாட்டு விவசாயிகள் எழுப்பிய கூக்குரல் நியாயமானது என்பது என் அபிப்பிராயம். அந்நிய மிளகு இலங்கைப் போர்வையில் வருகிறது என்று அவர்கள் முறையிட்டதன் பிறகு, 2017 டிசம்பரில் கிலோவுக்கு 500 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலையை அரசு நிர்ணயித்தது. இலங்கை மிளகு வரியின்றி வருவதற்கும் ஆண்டுக்கு 2,500 டன் என்ற வரம்பு இருக்கிறது. உற்பத்தி நாட்டுச் சான்றிதழ் ஒன்றை நீட்டினால் போதும் என்றிருந்த காலம் 2020 செப்டம்பர் 21ஆம் தேதியோடு முடிந்தது. அன்று அமலான ‘கரோட்டர்’ விதிகளின்படி, பொருள் எப்படி அந்த நாட்டுடையதாயிற்று என்ற விவரத்தை இறக்குமதி செய்பவனே தன் கையில் வைத்திருக்கவேண்டும்; கேட்டால் பத்து வேலை நாட்களுக்குள் கொடுக்கவேண்டும்; ஐந்து வருஷம் பாதுகாக்கவேண்டும். பெரிய மீன்களுக்காக வீசிய இந்த வலை அறந்தாங்கிக் கடைக்காரரின் காலையும் சுற்றிக்கொள்கிறது. ஆனாலும் விதியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தான் விற்கும் பொருள் எங்கே எப்படி ஆனது என்று தெரியாதவன் சலுகையை மட்டும் எப்படிக் கேட்கமுடியும்?

அண்மையில் ஒருவர் யாழ்ப்பாணத்துக் கறித்தூள் வரவழைக்க ஆலோசனை கேட்டு வந்தார். அழியாநிலையிலும் லேணாவிளக்கிலும் தோப்புக்கொல்லையிலும் ஈழத்துக் குடும்பங்கள் முகாம்களில் வெகுகாலமாக வாழ்வதால், வறுத்து இடித்த அந்தக் கறுத்த தூளுக்கு எங்கள் மாவட்டத்தில் ருசி தெரிந்தவர்கள் உண்டு. மிளகாய், மல்லி, சோம்பு, சீரகம், மிளகு, மஞ்சள் என்று பட்டியல் இருந்தது, உப்பு இல்லை, ஆகவே 0910.91, சந்தேகமில்லை. பூர்வீகத்தில்தான் வேடிக்கை தொடங்கிற்று. இலங்கைக்கு வற்றல் மிளகாய் பெரும்பாலும் இந்தியாவிலிருந்தே போகிறது. அது அங்கே வறுபட்டுத் திரும்பி வருகிறது. 0904 மிளகாயும் 0909 மல்லியும் 0910க்கு மாறிவிடுகின்றன. ஆனால் தலைப்பு மாறினாலும் வெறும் கலப்பு போதாது என்று ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருப்பதால், எந்தப் பக்குவத்தில் வறுக்கிறார்கள், எப்படி இடிக்கிறார்கள், கூலி என்ன, விறகு என்ன என்ற கணக்கைச் செய்பவரிடம் எழுதி வாங்கச் சொன்னேன். இரண்டு தாளில் அழகாக எழுதி வந்தது.

எஞ்சியது மஞ்சள். அது 0910இலேயே தொடங்கி 0910இலேயே முடிகிறது. தலைப்பு மாற வழியில்லாததால், அது இலங்கையில் விளைந்ததா, இந்தியாவிலிருந்து முறைப்படி போனதா, மூன்றாம் நாட்டுச் சரக்கா என்று தனியே நிரூபிக்கவேண்டும். இலங்கை அரசு மஞ்சள் இறக்குமதியைக் கட்டுப்படுத்திய பிறகு, தமிழகக் கரையிலிருந்து மஞ்சள் மூட்டைகள் படகிலேறிக் களவாகக் கடல் கடந்ததையும், கடலோரக் காவலர் அவற்றைப் பிடித்ததையும் நாம் பத்திரிகைகளில் படித்தோம். அப்படிப் போன மஞ்சள் ஈரோட்டு மஞ்சளேயானாலும் அதற்குப் பில் கிடையாது. பில் இல்லாத மஞ்சளுக்கு ஒப்பந்தத்தின் முன்னால் ஊரும் கிடையாது. ‘ஒரு கிலோவில் கால் பலம் மஞ்சள்தானே, ஐயா, அதற்காகவா?’ என்று வந்தவர் கேட்டார். அதற்காகத்தான். மஞ்சளை யாரிடம் வாங்குகிறீர்கள், தோட்டக்காரர் இலங்கையில் எந்த ஊர், ரசீது உண்டா என்று யாழ்ப்பாணத்துக்கு ஒரு வரி எழுதுமாறும், பதில் வரும்வரையில் சரக்கைக் கப்பலேற்ற வேண்டாம் என்று சொல்லுமாறும், அவசரமானால் சலுகையைக் கேட்காமல் 30 சதவீத வரியைக் கட்டி ஒரு சிறு லாட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுமாறும் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.